மூன்று தீபாவளிக்கு எத்தனை மாதம்

தம்பிக்கு அப்பா எழுதுவது.

நீ ஓசூருக்குப் பஸ் ஏறி ஒரு வாரம் ஆகப்போகிறது. தினமும் போனில் பேசுகிறாய். ஆனால் இந்த வீட்டில் போன் என்பது உன் அம்மாவின் சொத்து. அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, சாப்பிட்டாயா, குளிருகிறதா, போர்வை போதுமா என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்குக் கம்பெனி வேன் வந்துவிடுகிறது. மிஞ்சுகிற நேரத்தில் "அப்பா நல்லா இருக்கீகளா?" என்று நீ கேட்பதும், "இருக்கேன், வேலையைப் பாருலே" என்று நான் சொல்வதும்தான் நம் பேச்சு. சிவகாசியில் பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாயே, அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லையோ என்கிற பார்வை, அது என்னை விடமாட்டேன் என்கிறது. ஏறுவதற்கு முன் வேண்டாம் வேண்டாம் என்ற உன்னை இழுத்துப்போய் ஒரு டீ குடிக்கவைத்தேன். அப்போதாவது நாலு வார்த்தை பேசியிருக்கலாம். டிரைவர் ஹாரன் அடித்துக் கெடுத்துவிட்டான். இன்று ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டாசுக் கம்பெனிப் போர்மேன் எழுதுகிற கடிதம், இதிலும் கொஞ்சம் அதட்டல் இருக்கும். பொறுத்துக்கொள்.

எல்லாம் அந்த விண்ணப்பத்தில்தான் ஆரம்பித்தது. தீபாவளி முடிந்து, போனஸ் கொடுத்து, கம்பெனியைப் பூட்டியிருந்த நாட்கள். இனி வெளியூரில் வேலை தேடுகிறேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு நீயும் நின்றுவிட்டாய். ஓசூர்ப் பக்கம் ஒரு பெயிண்ட் கம்பெனி தன் ஆய்வுக்கூடத்துக்கு ஆள் கேட்டிருந்தது. ரசாயனம் படித்திருக்க வேண்டும், குறைந்தது மூன்று வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும். நம் கம்பெனியில் நீ பார்த்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். வந்து இறங்குகிற சரக்கில் சாம்பிள் எடுத்து, ஈரம் எவ்வளவு, சுத்தம் எவ்வளவு என்று பார்ப்பது. நீ போனில் கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் பணியாரம் தின்றுகொண்டிருந்தேன். அனுபவம் எத்தனை வருஷம் என்று கேட்கிற இடம் வந்ததும் நிமிர்ந்து, "மூணுதானப்பா?" என்றாய். "மூணு தீபாவளி பாத்துட்ட. மூணு போடுலே" என்றேன். அடுப்படியில் இருந்து உன் அம்மாவும், "ஆமா, மூணு தீபாவளிக்கும் போனஸ் வாங்கிட்டு வந்தான்ல" என்றாள். நீ மூன்று போட்டு அனுப்பினாய். மூன்று பேரும் சேர்ந்து போட்ட கணக்கு அது. ஏமாற்ற வேண்டும் என்று ஒருவர் மனதிலும் இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. நம் பக்கம் ஓர் ஆளின் அனுபவத்தை யாரும் மாதக் கணக்கில் கேட்பதில்லை. எத்தனை தீபாவளி பார்த்தவர் என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, மாப்பிள்ளை அந்தக் கம்பெனியில் ஐந்து தீபாவளி பார்த்தவர் என்று சொன்னால் மேற்கொண்டு கேள்வி வராது. தீபாவளிக்குத் தீபாவளி ஒரு சீசன், ஒரு சீசன் என்றால் ஒரு வருஷம். நான் வேலைக்குச் சேர்ந்த தேதி எனக்கே ஞாபகம் இல்லை. எத்தனை தீபாவளி என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். நீயோ கல்லூரி முடித்து ஒரு வருஷம் அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆடிப்பெருக்கு அன்று கம்பெனியில் பூஜை போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பித்த நாளில் வேலைக்குச் சேர்ந்தாய். சேர்ந்த மூன்றாம் மாதமே முதல் தீபாவளி வந்துவிட்டது. அதையும் ஒரு வருஷம் என்று எண்ணினோம். ஊரே அப்படித்தான் எண்ணியிருக்கும்.

மார்கழியில் வேலைக்கு எடுத்துக்கொண்டோம் என்று மெயில் வந்தது. உன் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேலை கிடைத்தால் உனக்கு மொட்டை போடுவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாளாம். உன்னிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. தலை உன்னுடையது, நேர்த்தி அவளுடையது. மறுநாளே சாத்தூர் வழியாக மூன்று பேரும் போய் வந்தோம். அர்ச்சுனா ஆற்றுக் காற்றில் புது மொட்டையோடு நீ நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாளவில்லை. சிறு பிள்ளையில் பார்த்த அதே தலை. அன்றைக்கு நம் மூவரைப் போலச் சந்தோஷமான ஆட்கள் அந்தக் கோவிலில் இருந்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட முழுசாக நிற்கவில்லை. வேலை பார்த்த இடத்தில் இருந்து சான்றிதழ் வேண்டும், சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்க வேண்டும் என்று கேட்டு அடுத்த மெயில் வந்தது. நீ விரலை மடக்கி எண்ணினாய். திரும்பவும் எண்ணினாய். "அப்பா, மூணு வருஷம் ஆகலைப்பா. ரெண்டு வருஷமும் மூணு மாசமும்தான்" என்றாய். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தீபாவளியை வைத்து நானும் எண்ணிப்பார்த்தேன். மூன்று தீபாவளி பத்திரமாக இருந்தது, வருஷத்தைத்தான் காணோம். அம்மா ஒருத்திதான் தெளிவாக இருந்தாள். "மொட்டை போட்டாச்சு. இனிமே அவ பாத்துக்கிடுவா" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

மறுநாள் சான்றிதழ் கேட்டு முதலாளியிடம் போனோம். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்கே தெரியும். சீசன் நேரத்தில் கடித்துத் துப்புவார், ஆஸ்பத்திரிச் செலவு என்று போய் நின்றால் கேள்வி கேட்காமல் எடுத்து நீட்டுவார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். "இம்புட்டுதானா? ஆடியில சேந்தா என்ன, அதுக்கு முந்துன ஐப்பசியில சேந்தா என்ன? நம்ம புள்ள. தேதிய முன்னாடி தள்ளிப் போட்டாப் போச்சு" என்று கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லி, உடனே அடிக்கவைத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தார். நீ சும்மா இருந்த அந்த ஒரு வருஷத்துக்குள்ளேயே தேதி கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். நீ அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டு நின்றாய். சந்தோஷத்தில் பார்க்கிறாய் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து நீ அந்தக் காகிதத்தை டிவி மேலே வைத்தாய். சாயங்காலம்தான் வாய் திறந்தாய். "அப்பா, இது வேண்டாம்பா." சீல் சரியாக விழவில்லையோ என்று நான் எழுந்து பார்த்தேன். "சீல் இல்லப்பா. தேதி பொய்." எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "யாருலே பொய்யன்? முதலாளியா, நானா? கேக்காமலே செஞ்சு குடுத்த மனுசன். அவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்க?" என்று கத்தினேன். நீ கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "நான் மூணுன்னு போட்டது தெரியாமப் போட்டது. இதை அங்க குடுத்தா தெரிஞ்சு போட்டதாயிரும்ப்பா" என்றாய். பெரிய உத்தமன் வந்துவிட்டான், ஊரில் இல்லாத உத்தமன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, உனக்கு மறந்திருந்தால் நல்லது. கடைசியில் நீ சொன்னாய்: "கலவையில சந்தேகம் வந்தா மேல எதையும் சேக்காதன்னு நீங்கதான சொல்லுவீக. இந்தக் காயிதம் மேல சேக்குறதுதானப்பா?" செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.

மாரியப்பன் சித்தப்பா கதையை உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த நடையில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நான் போர்மேன் ஆன புதிது. சீசன் உச்சத்தில் இருந்தது, வாசலில் லோடுக்கு லாரி நின்றுகொண்டிருந்தது. மருந்து கலக்குகிற அறையில் இருந்த மாரியப்பன் திடீரென்று வெளியே வந்து, வேப்பமரத்தடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னவென்று போய்க் கேட்டேன். "அண்ணே, ஒரு சாமானை ரெண்டு தடவை போட்டுட்டனோன்னு சந்தேகமா இருக்கு" என்றான். போட்டது உறுதியா என்றால், அதுவும் தெரியவில்லை, சந்தேகம்தான். இப்படியான நேரத்தில் சில பேர் என்ன செய்வார்கள் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் மற்ற சாமான்களையும் கொஞ்சம் கூட்டிப் போட்டு, கிண்டிச் சரிக்கட்டப் பார்ப்பார்கள். நம் பக்கம் எத்தனையோ வீடுகளில் மாலை போட்ட போட்டோ தொங்குவதற்கு அந்தச் சரிக்கட்டல்தான் காரணம். மாரியப்பன் கையை எடுத்தான், வெளியே வந்தான், சொன்னான். அவ்வளவும் அழிக்க வேண்டியதாகிவிட்டது, லாரி காலியாகத் திரும்பிப் போனது, முதலாளி என்னைக் கிழித்தார். நான் மாரியப்பனைத் திட்டவில்லை. கேட்டுக்கு வெளியே கூட்டிப்போய் என் கைக்காசில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் கலக்குகிற அறைப் பக்கமே பார்த்துக்கொண்டு பாதி டீயைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

அதிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. தப்பு நடந்துவிட்டது என்று தானாக வந்து சொல்கிற யாராக இருந்தாலும் முதலில் ஒரு டீ. பேச்சு, விசாரணை எல்லாம் அதற்குப் பிறகுதான். சொன்னால் திட்டு விழும் என்று தெரிந்துவிட்டால் ஆள் சொல்லமாட்டான், உள்ளேயே வைத்துக் கிண்டுவான். நம் தொழிலில் அதைவிட ஆபத்து ஒன்றும் இல்லை. நீயே வேலைக்குச் சேர்ந்த பிறகு, "அப்பா குடுக்குற டீயை ஒருத்தரும் ஆசைப்பட்டுக் குடிக்க மாட்டாக" என்று அம்மாவிடம் கேலி பேசியது எனக்குத் தெரியும். ஊர் முழுக்க டீ வாங்கிக் கொடுத்த நான், என் மகன் வந்து தப்பைச் சொன்னபோது தெருவே கேட்கிற மாதிரிக் கத்தியிருக்கிறேன். அந்த எண்ணம் வந்ததும் மேற்கொண்டு நடக்கப் பிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வேலை கையைவிட்டுப் போய்விடுமே என்கிற பயம். நீயும் என்னைப் போல நெருப்புக்குப் பக்கத்திலேயே வாழ்க்கையை ஓட்டிவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொண்டவன் நான். நீ நெருப்புப் பயம் இல்லாத இடத்துக்குப் போகிறாய் என்று சந்தோஷப்பட்டேன் பார், அந்தச் சந்தோஷத்தை ஒரு தேதிக்காக நீயே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறாய் என்றுதான் எனக்குக் கோபம்.

திரும்பி வந்து, "சரி, எழுது. என்ன எழுதப்போற?" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். நான் சுவரைப் பார்த்தேன். பிறகு நான் சொல்லச் சொல்ல நீ எழுத வேண்டும் என்று ஆரம்பித்தேன். மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு என்று தொடங்கி, ஆடிப்பெருக்கு, தீபாவளி, போனஸ், நம் குடும்ப நிலைமை, நான் படாத பாடு பட்டு உன்னைப் படிக்கவைத்தது, அம்மாவின் மூட்டுவலி வரைக்கும் போய்விட்டேன். நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா மூட்டுவலியை அவுக எதுக்குப்பா தெரிஞ்சுக்கணும்?" என்றாய். உள்ளே இருந்து அவளும், "அதான, என் மூட்டை எதுக்கு இழுக்கீக?" என்றாள். நீ இங்கிலீஷில் எழுதி எனக்குத் தமிழில் படித்துக் காட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அனுபவம் மூன்று வருஷம் என்று எழுதியிருந்தேன். சரியான கணக்கு இரண்டு வருஷமும் மூன்று மாதமும். எங்கள் தொழிலில் தீபாவளி சீசனை வருஷமாக எண்ணுவது வழக்கம், அப்படியே எழுதிவிட்டேன். தேதியைப் பார்த்து எழுதியிருக்க வேண்டியது என் பொறுப்பு. இந்த வேலைக்கு நான் பொருந்துவேனா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்." அவ்வளவுதான். அழுகையும் இல்லை, சாக்கும் இல்லை. என்னடா இது, தந்தி மாதிரி இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், என் மனுவைப் படித்திருந்தால் அவர்கள் பாதியிலேயே தூங்கியிருப்பார்கள்.

அடுத்த நாள் அந்தக் கம்பெனியில் இருந்து ஓர் அம்மா வீடியோவில் கூப்பிட்டார்களே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நான் போனில் தெரியாதபடி கட்டிலில் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். போனில் உன் மொட்டையைப் பார்த்ததும் அவர்கள் குரலே மாறிவிட்டது. "ஐயோ சாரி, எனக்குத் தெரியாது. வீட்ல யாராவது... அப்பாவா?" என்று கேட்டார்கள். நான் உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அந்த அம்மா எனக்குக் காரியமே முடித்துவிட்டார்கள். நீ பதறிப்போய், "இல்ல மேடம், அப்பா நல்லா இருக்காங்க. இந்த வேலை கெடச்சதுக்குத்தான் மொட்டை போட்டேன்" என்றாய். அப்புறம் அவர்கள், தீபாவளியை வைத்து எப்படி வருஷத்தை எண்ணுவீர்கள் என்று கேட்டார்கள். நீ நிதானமாகச் சொன்னாய். நான் கட்டில் ஓரத்தில் இருந்து விரலைக் காட்டி உனக்கு உதவி வேறு செய்துகொண்டிருந்தேன். "நீங்களா சொன்னது நல்லது. ஆனா முடிவு என் கையில இல்ல. மூணு வருஷம்னு கேட்டுத்தான் விளம்பரம் கொடுத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நல்ல மாதிரிப் பேசினார்கள். ஆனால் நல்ல மாதிரிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வேலை கொடுத்துவிடுவதில்லை. அன்று நீ சரியாகச் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு பேருக்கும் சேர்த்துத் திட்டினாள்.

முதலாளியிடம் திரும்பிப் போக வேண்டியிருந்ததே, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டம். மெயில் அனுப்பியாகிவிட்டது, அந்தச் சான்றிதழைக் கிழித்துப்போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே என்றேன். சரியான தேதி போட்ட காகிதம் எப்படியும் வேண்டும் என்று நீ சொன்னாய். போனோம். நீ அதை அவர் மேஜை மேல் வைத்து விஷயத்தைச் சொன்னாய். அவர் முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு நல்லது செய்றேன்னு நெனச்சேன்பா. நான் என்னமோ திருட்டு வேலை செஞ்ச மாதிரி திருப்பிக் கொண்டாந்து வைக்கியே" என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. நீ சொன்னாய்: "நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சீக முதலாளி. ரெண்டு நாளா நானும் அதைத்தான் யோசிச்சேன். நாளைக்கு அங்கன யாராவது கண்டுபிடிச்சா உங்க கையெழுத்தையும்ல சேத்துச் சந்தேகப்படுவாக. என் தப்புக்கு உங்க பேரு எதுக்கு?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, உள்ள தேதியைப் போட்டு அடித்துவரச் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் இருந்து ஒரு புது தினசரிக் காலண்டரை எடுத்து உன்னிடம் நீட்டி, "இந்தா, கொண்டு போ. இனிமே தீபாவளியை எண்ணாத, இதை எண்ணு" என்றார். கோபமா கேலியா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் கம்பெனியில், "உங்க பய டிபன் சாப்பிட்டானா போர்மேன்?" என்று அவர் கேட்டபோதுதான் மூச்சு வந்தது.

பதில் வருகிறவரைக்கும் இருந்த நாட்களைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. போன் மணி அடித்தால் மூன்று பேரும் ஓடினோம், கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம் அம்மா பாசமாகப் பேசினாள். பொங்கலுக்கு முந்தின வாரம் மெயில் வந்தது. அந்த வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு படி கீழே பயிற்சி நிலையில் ஓர் இடம் இருக்கிறது, விருப்பம் இருந்தால் வரலாம், மேலே போவது அங்கே பார்க்கிற வேலையைப் பொறுத்தது என்று எழுதியிருந்தார்கள். சம்பளம் குறைவு. நீ வருகிறேன் என்று எழுதிவிட்டாய். எனக்கு மனதுக்குள் ஆறவே இல்லை, இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னதற்கு ஒரு படி இறக்கிவிட்டார்களே என்று இருந்தது. அதற்கு உன் அம்மா சொன்ன சமாதானம்தான் எனக்குக் கொஞ்சம் பிடித்தது. "முழுசாப் பிடுங்கலைல? மாரியாத்தா கொஞ்சம் கொறச்சுக் குடுத்திருக்கா. நம்ம கணக்கும் கொஞ்சம் கொறச்சல்தான?" என்றாள்.

தகப்பன் கடிதம் என்றால் புத்தி சொல்லாமல் முடிக்கக் கூடாதாமே. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தத் தேதி விஷயத்தை நீ சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லிவிட்டாய். அதோடு அது முடிந்தது. புது இடத்தில் பழகுகிற எல்லாரிடமும் அதை எடுத்து விரித்துக்கொண்டிருக்காதே. ஒரு தப்பை ஒரு தடவை சொன்னால் போதும், ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தால் அதுவே ஒரு பெருமை ஆகிவிடும். கீழ்ப் படியில் எடுத்தார்கள் என்று கூனிக் குறுகவும் வேண்டாம். உனக்கு இருக்கிறது இரண்டு வருஷமும் மூன்று மாதமும். அந்த இரண்டு வருஷமும் மூன்று மாதமும் முழுக்க முழுக்க உன்னுடையது, அதில் முதலாளி தயவு ஒரு நாள்கூட இல்லை. நாளைக்கு நீயும் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிற இடத்துக்கு வருவாய். அப்போது ஒருவன் தானாக வந்து, சார், தப்பு நடந்துபோச்சு என்று நின்றால், உன் அப்பன் வீட்டில் கத்தியதை மறந்துவிடு, கம்பெனியில் செய்ததை மட்டும் செய். அப்புறம், ஓசூர்க் குளிரில் தலையை மூடாமல் திரியாதே. முடி முளைக்கிறவரைக்குமாவது குல்லாய் போட்டுக்கொள். இது அம்மா சொல்லச் சொன்னது இல்லை, நான் சொல்வது.

நேற்று வேனில் வரும்போது மாரியப்பன் உன்னைப் பற்றி விசாரித்தான். "தம்பி நம்ம கம்பெனியில எத்தனை தீபாவளிண்ணே பாத்துச்சு?" என்றான். "ரெண்டு வருஷமும் மூணு மாசமும்" என்றேன். வேனில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது என்னண்ணே கணக்கு? மூணு தீபாவளின்னு சொல்லாமக் கொறச்சுச் சொல்லுதீக?" என்றான். பின் சீட்டில் இருந்து ஒருத்தி, "போர்மேனுக்கு வயசாயிருச்சு, எண்ண மறந்துட்டாக" என்றாள். வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் திருத்திச் சொல்லவில்லை. ஆனைக்குட்டம் விலக்கில் இறங்குகிறவரைக்கும் யார் கேட்டாலும் அதையேதான் சொன்னேன்.

பஸ் ஏறுவதற்கு முன் அந்த டீயை நீ ஊதி ஊதிக் குடித்தாய். "இப்ப எதுக்குப்பா டீ? வீட்டுலதான குடிச்சிட்டு வந்தோம்" என்று அலுத்துக்கொண்டாய். அது உனக்கு அன்று சாயங்காலமே, நீ அந்தக் காகிதத்தை டிவி மேலே வைத்துவிட்டு வாய் திறந்த உடனே, நான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டிய டீ.

காலண்டரை ஆணி அடித்து மாட்டினாயா? போனில் சொல்.

அப்பா